வியாழன் பத்து மணிக்குள் ஒரு கேமரா

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குள் ஷாகிராவின் கையில் ஒரு கேமரா இருந்தாக வேண்டும். அன்று ஞாயிறு. அவளுடைய தகரப் பெட்டியில் இருந்தது அறுபத்திரண்டு ரூபாய். இதில் பெரிய வேடிக்கை, அவள் அதுவரை எந்தக் கேமராவையும் கையால் தொட்டதே இல்லை!

இந்த வம்பு ராயப்பேட்டையிலிருந்து ஜட்கா ஏறி, மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்கு வந்து இறங்கியது. வந்தவள் ஜஹீதா மாமி. மரவாடி முதலாளி வீட்டு அம்மாள். நோன்புப் பெருநாள் முடிந்து இரண்டாவது வாரம் அது, 1934-ஆம் வருஷம். மாமியின் ஒரே மகள் ஷகீலாவுக்கு வியாழன் சாயங்காலம் நிக்காஹ். மாப்பிள்ளைக்கு ரங்கூனில் வியாபாரம். சனிக்கிழமை கப்பல்.

"கப்பல் ஏறிட்டான்னா மூணு வருசமோ அஞ்சு வருசமோ! அவ முகத்தை நான் எங்கே போய்ப் பாக்கிறது? ஒரு போட்டோ வேணும் ஷாகிரா."

"லஸ்ஸுலே துரைராஜ் ஸ்டுடியோ இருக்கே மாமி?"

"இருக்கு. எங்க வீட்டு ஆம்பளைங்க போய்க் கேட்டாங்க. அந்த மனுசன் இன்னா சொன்னாரு தெரியுமா? 'கோஷா வீடுதானே, பொம்பளைங்க முகத்தைப் பாக்கக் கூடாது, பரவாயில்லை, நான் கண்ணைக் கட்டிக்கினு எடுக்கிறேன்'னாராம்! கண்ணைக் கட்டிக்கினு எடுத்தா எது வரும்? எங்க வீட்டுச் சுவரு வரும்!"

ஷாகிரா சிரித்துவிட்டாள். மாமி சிரிக்கவில்லை.

"நீ எடு."

"நானா?"

"பின்னே யாரு, உன் புருசனா? பத்து வருசமா அந்த ஸ்டுடியோ படத்துக்கெல்லாம் நீதானே கலர் போடறே? படம் கழுவுற மருந்து பேரு மொதக்கொண்டு சொல்லுவியே! பிளேட்டும் மருந்தும் என் செலவு. எடுக்கிற கூலி தனி. கேமரா மட்டும் நீ பாத்துக்க. வியாழக்கிழமை பத்து மணிக்குப் பொண்ணை ஜோடிச்சு உக்கார வைப்பேன். நீ வரலேன்னா, அவ முகம் என் கண்ணுலே மட்டும்தான் இருக்கும். கண்ணுக்கும் இப்போ புரை விழுந்துட்டு வருது."

கடைசி வார்த்தையை மாமி வேகமாகச் சொல்லிவிட்டு எழுந்துவிட்டாள். ஷாகிரா தலையாட்டிவிட்டாள்.

படத்துக்குக் கலர் போடுவதுதான் ஷாகிராவின் வேலை. ஸ்டுடியோவிலிருந்து திங்கள்தோறும் ஒரு பிஸ்கட் டின் நிறையக் கறுப்பு வெள்ளைப் படங்கள் வரும். வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே கன்னத்துக்கு ரோஜா, ஜரிகைக்குத் தங்கம், புடவைக்கு அவரவர் கேட்ட நிறம் என்று பூசி, கறை, கீறல் இருந்தால் மறைத்து, வியாழனன்று திருப்பி அனுப்புவாள். படம் எடுப்பது எப்படி என்று ஒரு பழைய கைப்புத்தகத்தை மூன்று தடவை படித்திருந்தாள். ஆசை இருந்தது. கேமராதான் இல்லை.

அவள் புருஷன் பீர் முஹம்மது குடை ரிப்பேர் கடைக்காரன். மழை போய்விட்டதால் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். சேதியைக் கேட்டதும், "அறுபத்திரண்டு ரூபாய்க்குக் கேமராவோட மூடிதான் குடுப்பான்," என்றான். சொல்லிவிட்டு உடனே சட்டையை மாட்டிக்கொண்டு விசாரிக்கக் கிளம்பினான். அவன் சுபாவம் அப்படி.

*

மறுநாள் காலை கேமரா தானாகவே வாசலுக்கு வந்தது. கேமரா என்றால் அதன் சொந்தக்காரர்.

"பாய்! உங்க வீட்டம்மா கேமரா தேடுறாங்களாமே? ஜட்காக்காரன் சொன்னான்." ஸ்டுடியோ முதலாளி துரைராஜ். அல்பாகா கோட்டு, நடுவகிடு, கையில் பிஸ்கட் டின். "போன மாசம் நான் புதுசு ஒண்ணு வாங்கிட்டேன். பழசு சும்மாத்தான் கிடக்குது. வெளி ஆளுக்கு நூத்தி நாப்பது. உங்களுக்கு நூத்திப் பத்து."

வாசலுக்கும் உள்ளறைக்கும் நடுவே ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் ஷாகிரா. பீர் முஹம்மது இரண்டு பக்கத்துக்கும் தபால்காரன்.

"நூத்திப் பத்தாம்," என்றான் திரையைப் பார்த்து.

"காதுலே விழுந்திச்சு," என்றது திரை.

"விழுந்திச்சாம்," என்றான் துரைராஜிடம்.

"எனக்கும்தான் விழுந்திச்சு பாய்."

"அதுலே குறை ஏதும் இல்லையான்னு கேளுங்க," என்றாள் ஷாகிரா.

பீர் முஹம்மது வாயைத் திறப்பதற்குள் துரைராஜ் பொங்கிவிட்டார். "குறையா! என் கேமராவிலேயா! மூணு வருசமா இதுலே எடுத்த அத்தனை படமும் உங்க கைக்குத்தானே வந்து போவுது? ஒரு படத்துலே ஒரு புள்ளி? ஒரு கறை? காட்டச் சொல்லுங்க பாய், ஸ்டுடியோவையே எழுதிக் குடுத்துட்டு நான் வடபழனியிலே போய் ஆண்டியா உக்காந்துக்கிறேன்!"

திரைக்குப் பின்னால் ஷாகிரா முந்தானையைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

ஏனென்றால் அந்தக் கேமராவின் குறை உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அதில் எடுத்த ஒவ்வொரு படத்திலும், இடது மேல் மூலையில், முந்திரிக்கொட்டை வடிவத்தில் ஒரு வெள்ளைக் கறை. கேமராவின் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே ஆர்மோனியத்தில் இருப்பது போல மடிப்பு மடிப்பாகத் தோல் துருத்தி இருக்குமல்லவா, அதில் எங்கேயோ ஊசிமுனை ஓட்டை. அதன் வழியாகத் திருட்டு வெளிச்சம் நுழைகிறது. மூன்று வருஷமாக அவள் அந்த முந்திரிக்கொட்டையை மறைத்துவருகிறாள். பின்னால் திரை தொங்கினால் அதைக் குஞ்சமாக்குவாள். தோட்டமென்றால் மேகம். கோபுரமென்றால் புறா. அவள் மறைத்த அழகில் துரைராஜே அதைப் பார்த்ததில்லை. பார்க்காததால் சத்தியம் செய்கிறார், மனசார!

"புதன்கிழமை சாயங்காலம் வரைக்கும் வெச்சிருப்பேன். அப்புறம் சைதாப்பேட்டைக்காரர் ஒருத்தர் கேக்கிறாரு," என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

பீர் முஹம்மதுக்கு முந்திரிக்கொட்டை கதை தெரியும். "ஓட்டை கீதுன்னு சொல்லிடேன்? விலை எறங்கும்ல?"

"சொன்னா ஓரணாவுக்கு ஓட்டையை அடைச்சுட்டு, நூத்தி நாப்பதுக்கு அந்தச் சைதாப்பேட்டைக்காரர்கிட்ட குடுத்துருவாரு. அதோட, 'இத்தனை நாளா ஏன் சொல்லலே'ன்னு கேட்டா நான் இன்னா சொல்றது? மொதல் படத்துலே சொல்லியிருக்கணும். முந்நூறாவது படத்துலே எப்படிங்க சொல்றது?"

அவளுக்கு அதுதான் தொண்டையில் முள்ளாக இருந்தது.

"அப்போ அதை வுடு. அடையாத்துலே ஒண்ணு கீது," என்றான் பீர் முஹம்மது. "தொரை பங்களா பட்லர் தேசப்பன், நம்ம கடைக்குக் குடை கொண்டாருவானே, அவன்தான் சொன்னான். தொரை சீமைக்கே போயிட்டாராம். சாமானெல்லாம் விக்கிறாங்க. விலை அறுபது."

அறுபது! ஷாகிரா எழுந்து நின்றுவிட்டாள்.

*

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர்கள் ஜட்கா அடையாறு பாலத்தைத் தாண்டியது.

பட்லர் தேசப்பன் வெள்ளை உடுப்பும் தலைப்பாகையுமாக வாசலில் நின்றான். வீட்டில் துரை இல்லை, துரைசாணி இல்லை, நாற்காலிகூடப் பாதி இல்லை. ஆனாலும் உடுப்பில் ஒரு சுருக்கம் கிடையாது.

"சலாம் பாய். வாங்கம்மா. விலையிலே பேச்சே இல்லை, முன்னாடியே சொல்லிடறேன். தொரை லெட்டர்லே அறுபதுன்னு எழுதிட்டாரு. ஒரு காசு கூட்ட மாட்டேன், ஒரு காசு கொறைக்க மாட்டேன்."

வராந்தாவில் கேமரா மூன்று கால் ஸ்டாண்டின் மேல் நின்றது. ஷாகிரா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். தேக்குப் பலகை. சிவப்புத் தோல் துருத்தி. லென்ஸைச் சுற்றிய பித்தளை வளையம் அப்படியே தங்கம்!

"மூடிக்கிற கறுப்புத் துணி எங்கே?" என்று கேட்டாள்.

"அதைக் கரையான் தின்னுட்டுதும்மா."

ஷாகிரா ஒரு கணம்தான் யோசித்தாள். போட்டிருந்த கறுப்பு புர்காவின் முன்பகுதியைத் தூக்கிக் கேமராவின் முதுகோடு சேர்த்துப் போர்த்தி, உள்ளே தலையை நுழைத்துக்கொண்டாள்.

"பாத்தியா தேசப்பா," என்றான் பீர் முஹம்மது, "துணியை நாங்க சொந்தமாவே கொண்டாந்துட்டோம்!"

முதல் சோதனை துருத்தி. லென்ஸ் மூடி போட்டபடியே இருக்க, பின்பக்கத்துக் கண்ணாடியைக் கழற்றி உள்ளே பார்த்தாள். ஓட்டை இருந்தால் இருட்டில் நட்சத்திரம் மாதிரி தெரியும் என்று கைப்புத்தகம் சொல்லியிருந்தது. பார்த்தாள். கும்மிருட்டு. ஒரு நட்சத்திரம் இல்லை! அவளுக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

கண்ணாடியைத் திரும்ப மாட்டினாள். "மூடியை எடுங்க."

தேசப்பன் எடுத்தான். கண்ணாடியில் தோட்டம் வந்தது, தலைகீழாக. மாமரம் தலையால் நின்றது. பீர் முஹம்மது வௌவால் மாதிரி தொங்கிக்கொண்டு பீடி பற்றவைத்தான். ஆனால் எல்லாவற்றின் மேலும் அடுப்புப் புகை படர்ந்தது போல ஒரு மங்கல். படத்தைக் கூர்மையாக்கும் திருகை முன்னே திருப்பினாள், பின்னே திருப்பினாள். புகை போகவில்லை.

வெளியே வந்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது. தோட்டத்தில் புகை ஏது?

"தொரை இதுலே எடுத்த படம் ஏதாச்சும் இருக்கா?"

தேசப்பன் ஒரு பழைய ஆல்பத்தை ஓடிப்போய்க் கொண்டுவந்தான். ஷாகிரா படத்தைப் பார்த்தால் கேமராவைச் சொல்லிவிடுவாள், நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி. புரட்டினாள். நாய்க்குட்டியின் மீசை மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. கத்தி போன்ற லென்ஸ். போன வருஷம் வரை!

"தொரை போனதுக்கு அப்புறம் இதுக்கு இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவலியே! கண்ணு மாதிரி வெச்சிருக்கேன்." தேசப்பன் முகத்தில் பெருமை வழிந்தது. "சனிக்கெழமை தவறாம பாலிஷ். இந்த வளையம், கதவுப் புடி, விளக்கு, எல்லாத்துக்கும் பித்தளை துலக்குற பொடிதான். வளையத்தைத் தேச்சுட்டு, அதே கையோட அந்த வட்டக் கண்ணாடியையும் நல்லா அழுத்தித் தேச்சுருவேன். எப்படி மின்னுது பாருங்க!"

ஷாகிரா லென்ஸை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தாள். நூறு தடவை துலக்கின குண்டான் அடி மாதிரி, ஆயிரம் மெல்லிய வட்டக் கீறல்.

பீர் முஹம்மது அவள் காதருகே வந்தான். "லென்ஸ் மட்டும் வேற வாங்கிப் போட்டா?"

"அது மட்டுமே நூறு ரூபாய்க்கு மேலே."

தேசப்பன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "ஏன்னு தெரியலம்மா. இதுக்கு முன்னாடி ரெண்டு பேரு வந்தாங்க. உள்ளே பாத்தாங்க, ஒண்ணும் சொல்லாமே போயிட்டாங்க."

ஒன்றும் சொல்லாமல் போவது சுலபம். ஷாகிராவுக்கு அது கைவந்த கலை. மூன்று வருஷப் பழக்கம். பீர் முஹம்மதுகூட 'கிளம்பலாம்' என்று கண் காட்டினான்.

"அண்ணே," என்றாள் அவள். "பித்தளையை மட்டும் தேய்ங்க. கண்ணாடியைத் தேய்க்காதீங்க. பொடி கண்ணாடியைக் கீறிடும். ஏற்கெனவே கீறிடுச்சு. அதான் அந்த ரெண்டு பேரும் போயிட்டாங்க."

தேசப்பன் இரண்டு கையையும் விரித்தான். கைவிரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நானேவா கெடுத்தேன்?"

"ஆசையாத்தான் தேச்சீங்க."

"தொரை இருந்தா 'டேமிட் தேசப்பன்'னு கத்தியிருப்பாரு. அப்புறம் தானே சிரிச்சிருப்பாரு." பெருமூச்சு விட்டான். "இன்னிக்கே லெட்டர் எழுதச் சொல்றேன். மறைச்சு விக்கிறது நமக்கு ஆவாது. நீங்களாவது வாயைத் தொறந்து சொன்னீங்களே! இந்தாங்க, ஸ்டாண்டுக்குத் தொரை விலை எழுதலே. அதையும், படம் கழுவுற தட்டையும், சேப்பு வெளக்கையும் ரெண்டு ரூபாய்க்கு எடுத்துக்கினு போங்க. வெறும் கையோட அனுப்ப மாட்டேன்."

ஜட்கா திரும்பியது. கால் மூன்று கிடைத்துவிட்டது. கண்தான் இல்லை. பெட்டியில் சரியாக அறுபது ரூபாய்.

பாலத்தின் நடுவில் ஷாகிரா திடீரென்று சொன்னாள்: "நாளைக்கு என்னை ஸ்டுடியோவுக்கு இட்டுக்கினு போங்க."

"இன்னாத்துக்கு?"

"முந்திரிக்கொட்டையைச் சொல்லப் போறேன்."

*

பத்து வருஷமாக வேலை பார்க்கிற ஸ்டுடியோவுக்குள் ஷாகிரா அடியெடுத்து வைத்தது அன்றுதான், புதன்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு.

துரைராஜ் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சோடா வாங்கி வரச்சொன்னார். ஷாகிரா உட்காரவில்லை. சுவரில் மாட்டியிருந்த பெரிய படத்தைக் காட்டினாள். யாரோ ஒரு ஜட்ஜ், பின்னால் பட்டுத் திரை.

"ஜட்ஜையா தலைக்கு மேலே ஒரு குஞ்சம் தொங்குதே. அது எங்கே வாங்கினீங்க?"

"அதுவா! எல்லாரும் அதைத்தான் கேக்கிறாங்க. அந்தத் திரையோடவே வந்தது..." பேச்சு பாதியில் நின்றது. துரைராஜ் திரும்பி, மூலையில் தொங்கிய அதே பட்டுத் திரையைப் பார்த்தார். குஞ்சம் இல்லை. படத்தைப் பார்த்தார். இருந்தது.

"அது நான் வரைஞ்சது," என்றாள் ஷாகிரா. "அடியிலே ஒரு வெள்ளைக் கறை இருக்கு. உங்க பழைய கேமராவிலே எடுத்த எல்லாப் படத்துலேயும் இருக்கு. துருத்தியிலே ஓட்டை."

"சும்மா இருங்கம்மா! என் கேமராவிலே ஓட்டையா? வேலு! டேய் வேலு!"

இருட்டறையிலிருந்து வேலு வந்தான். படம் கழுவி, அச்சுப்போட்டு, டின்னில் அடுக்கி ஷாகிராவுக்கு அனுப்புகிறவன். நாற்பது வயசு, மருந்துக் கறை படிந்த விரல். துரைராஜ், உட்கார்ந்தவரின் முகத்தைப் பார்த்து லென்ஸ் மூடியைத் திறந்து மூடுவதோடு சரி. அதற்குமேல் எல்லாம் வேலு. கலர் ஆகித் திரும்பிய பிறகுதான் முதலாளி படத்தைப் பார்ப்பார்.

"பழைய பிளேட்டு நாலு எடுத்தா."

வேலு கண்ணாடி பிளேட்டுகளைக் கொண்டுவந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். முதல் பிளேட்டில் மூலையில் ஒரு கறுப்பு முந்திரிக்கொட்டை. பிளேட்டில் கறுப்பென்றால் படத்தில் வெள்ளை. இரண்டாவதிலும் இருந்தது. மூன்றாவதிலும் இருந்தது. நான்காவது, துரைராஜின் சொந்த மாமியார். மாமியாரின் கொண்டைக்குப் பக்கத்தில் கொழுகொழுவென்று ஒன்று.

"டேய்! இதை நீ பாத்ததே இல்லையா?"

"தெனம் பாக்கறேனே முதலாளி."

"அப்புறம் ஏண்டா சொல்லலே?"

"நம்ம கடை முத்திரைன்னு நெனச்சுக்கினு இருந்தேன்," என்றான் வேலு.

பீர் முஹம்மது சோடாவைத் தப்பான வழியில் விழுங்கிவிட்டு இருமினான். துரைராஜ் நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் சிவந்தது, வெளுத்தது. பிறகு அவர் வியாபாரி என்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

"சரி. ஓட்டைதானே? ஓரணாத் தோலை ஒட்டினா போச்சு. லென்ஸ் நல்ல லென்ஸ். நான் ஒட்டிட்டு நூத்தி நாப்பதுக்குக் குடுத்துக்கிறேன். நீங்க சொன்னதுக்கு நன்றிம்மா."

பயந்தது நடந்துவிட்டது! பீர் முஹம்மது தலையில் கைவைத்துக்கொண்டான். சுவர்க் கடிகாரம் மூன்றரை. இன்னும் பதினெட்டரை மணி நேரத்தில் ஜஹீதா மாமி பெண்ணை ஜோடித்து உட்கார வைத்துவிடுவாள்.

ஷாகிரா நகரவில்லை.

"புதுக் கேமரா வாங்கினீங்களே. பிடிக்கலேன்னா மாத்திக் குடுப்பாங்களா?"

"மூணு மாசத்துக்குள்ளே குறை இருந்தா மவுண்ட் ரோடு கடைக்காரன் மாத்தித் தருவான். ஏன்?" துரைராஜ் நிமிர்ந்தார். "ஏம்மா? ஏன் கேக்கிறீங்க?"

"போன மாசப் படமும் என்கிட்டேதானே வந்துச்சு."

துரைராஜ் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"அதுலேயும் இருக்கா?" என்றார் துரைராஜ், மெதுவாக.

"இருக்கு. இன்னா குறை, எந்த இடம்னு சொல்றேன். இனிமே எந்தப் படத்துலே எது இருந்தாலும் மறைக்கறதுக்கு முன்னாடி உங்ககிட்டே சொல்லிடறேன். பழைய கேமராவை அறுபது ரூபாய்க்குக் குடுங்க. என்கிட்டே அவ்வளவுதான் இருக்கு."

துரைராஜ் ஜட்ஜின் குஞ்சத்தைப் பார்த்தார். மாமியாரைப் பார்த்தார். வேலுவைப் பார்த்தார், அவனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பிறகு வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். "குஞ்சத்துக்காகவே நாலு கல்யாணக் கிராக்கி வந்துச்சு பாய்! இந்தம்மா இல்லாட்டி என் கடையிலே ஓட்டைதான் இருந்திருக்கும். எடுத்துக்கினு போங்க! இப்போ சொல்லுங்கம்மா, புதுசுலே இன்னா?"

"பிளேட் வைக்கிற மரச்சட்டம் மூணு குடுத்திருக்காங்கல்ல? அதுலே ஒண்ணு பிளேட்டைக் கீறுது. மூணு படத்துக்கு ஒரு படம் தாடையிலே மயிர்க்கோடு. ஒரு மாசமா மெட்ராஸ்லே இருக்கிற பெரிய மனுசனுக்கெல்லாம் நான் சவரம் பண்ணிக்கினு இருக்கேன்."

துரைராஜ் கோட்டை மாட்டிக்கொண்டு சட்டங்களோடு மவுண்ட் ரோடு டிராமைப் பிடிக்க ஓடினார். வேலு கேமராவைத் துணியில் சுற்றிக் கொடுத்தான்.

*

துருத்தியின் ஓட்டை பீர் முஹம்மதுவுக்குப் பத்து நிமிஷ வேலை. குடையின் மடிப்பு எத்தனை பார்த்தவன்! உள்பக்கம் கறுப்புக் குடைத்துணித் துண்டு, ரப்பர் பசை. காய்ந்ததும் ஷாகிரா புர்காவுக்குள்ளிருந்து பார்த்தாள். நட்சத்திரம் அஸ்தமித்திருந்தது.

பொழுது சாயுமுன் பழகிக்கொள்ள இரண்டு பிளேட் செலவு செய்தாள், மருந்தோடு மாமி அனுப்பியிருந்த பன்னிரண்டில். இரண்டிலும் பீர் முஹம்மதுதான். முதல் படத்தில் அவனுக்குத் தலை இல்லை. கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரிவதால் மேல் எது கீழ் எது என்று குழம்பிவிட்டாள்.

"பரவாயில்லை, செருப்பு நல்லா விழுந்திருக்குது," என்றான் அவன்.

இரண்டாவதில் தலை வந்தது. மூலை துடைத்துவிட்ட மாதிரி சுத்தம்.

வியாழன் காலை பத்து அடிக்கப் பத்து நிமிஷம். ராயப்பேட்டை வீட்டு ஆண்கள் எல்லோரும் மசூதித் தெருவுக்குத் துரத்தப்பட்டார்கள், பீர் முஹம்மதுவும் சேர்த்து. நடு முற்றத்தில் வெளிச்சம் பால் மாதிரி இறங்கியிருந்தது. ஷாகிரா ஸ்டாண்டை நிறுத்தினாள். சுற்றி முப்பது பெண்கள். எல்லோருக்கும் ஒரே சமயத்தில் பேச வேண்டும்.

"இன்னாடி இது, பீரங்கி மாதிரி!"

"வெடிக்குமா?"

"ஆடாதீங்க. ஆடினா ரெண்டு மூக்கு விழும்," என்றாள் ஷாகிரா. முற்றம் கப்சிப்.

ஷகீலா பச்சைப் பட்டில், முகத்துக்கு முன்னால் தொங்கிய பூச்சரத்தை விலக்கி உட்கார்ந்தாள். கண்ணாடியில் அவள் தலைகீழாக வந்தாள். நெற்றிச்சுட்டி கீழே, மருதாணிக் கை மேலே. திருகை நகர்த்த நகர்த்த அந்த முகம் மங்கலிலிருந்து கூர்மைக்கு வந்தது, இமை மயிர் வரைக்கும்.

"என்னைப் பாரு ஷகீலா. மூச்சைப் பிடிச்சுக்கோ."

மூடியை எடுத்தாள். கடிகாரம் இல்லை. ஒரு முழு பிஸ்மில்லா சொல்லி முடிக்கிற நேரம், அதுதான் கணக்கு. சொல்லி முடித்தாள். மூடினாள்.

அன்றைக்கு ஒன்பது பிளேட் ஆயிற்று. மணப்பெண் தனியாக நான்கு, தோழிகளோடு மூன்று, சின்னம்மாக்கள் சண்டை போட்டு வாங்கிக்கொண்டது இரண்டு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குப் படங்களையும் கேமராவையும் எடுத்துக்கொண்டு மறுபடி போனாள். மிச்சமிருந்த ஒரு பிளேட்டில் தானும் விழ வேண்டுமென்று மாமியின் நாத்தனார் சொல்லியனுப்பியிருந்தாள்.

ஜஹீதா மாமி படத்தை வாங்கி, முற்றத்து வெளிச்சத்துக்குப் போய், கண்ணிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்த்தாள். விலக்கிப் பார்த்தாள். மறுபடி கிட்டே கொண்டுபோனாள். கட்டை விரலால் படத்தின் ஓரத்தை மட்டும் தடவினாள், முகத்தில் பட்டுவிடாமல்.

"மூக்குத்தி கல்லு தெரியுது," என்றாள் கடைசியில். "ஏழு கல்லு. எண்ணிட்டேன்."

பெட்டி கட்டிக்கொண்டிருந்த ஷகீலா எழுந்து வந்தாள். தாயின் தோளுக்குமேல் எட்டித் தன் படத்தைப் பார்த்தாள். அதிகம் பார்க்கவில்லை.

"உங்களுக்கு நான் கிடைச்சுட்டேன். எனக்கு?"

"உனக்கு இன்னா?"

"ரங்கூன்லே நான் யாரைப் பாக்கிறது உம்மா?"

மாமி திகைத்துப் போனாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஓடுகிறாள். இந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றவே இல்லை. "போடி! நான் இன்னாடி படம்! பல்லு ரெண்டு போயிடுச்சு, தலை நரைச்சுப் போயிடுச்சு..."

"நாத்தனாருக்கு அடுத்த வாரம் எடுத்துக்கலாம்," என்று சொல்லிக்கொண்டே ஷாகிரா ஸ்டாண்டை விரித்துவிட்டாள். "உக்காருங்க மாமி. வெளிச்சம் போகப் போகுது."

"அடி இவளே! இந்தப் புடவையோடவா? கைலே மாவு..."

ஷகீலா நாற்காலியை இழுத்துப் போட்டுத் தாயைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். ஷாகிரா துணிக்குள் நுழைந்தாள். கண்ணாடியில் மாமி தலைகீழாக உட்கார்ந்து ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். கப்பல்லே ஜன்னல் பக்கம் உக்காராதே என்றாள். ஊறுகாய் ஜாடியை நிமிர்த்தி வை என்றாள். அங்கே பாலெல்லாம் தண்ணியாம் என்றாள். மாப்பிள்ளைக்குக் காரம் ஆவாது, அதையாவது ஞாபகம் வெச்சுக்கோ என்றாள்.

"மாமி, வாயை மூடுங்க. ஆடினா விழாது."

"மூடிட்டேன், மூடிட்டேன். எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிறதை மட்டும் வுட்டுடாதே..."

ஷாகிரா ஒரு கையில் மூடியைப் பிடித்தபடி காத்திருந்தாள். எந்த மனுஷிக்கும் பேச்சு ஒரு இடத்தில் நின்றுதானே ஆக வேண்டும். மாமி பேசிப் பேசி, எதிரே நின்ற மகளின் முகத்தைப் பார்த்துவிட்டாள். அடுத்த வார்த்தை வரவில்லை. வாய் மூடிக்கொண்டது.

ஷாகிரா மூடியை எடுத்து, பிஸ்மில்லா சொல்ல ஆரம்பித்தாள்.